கிரகணம் வந்தது ஐந்தாம் மாதம்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியை மூன்றாம் பக்கத்தில் கொண்டுபோய் எழுதியிருக்கிறாயே, அதிலேயே உன் மனசு தெரிந்துவிட்டது. மேலுதடு பிளந்திருக்கிறது, உள்ளே அன்னத்திலும், அதாவது வாயின் மேல்கூரையிலும், பிளவு இருக்கிறது. சரி. நன்றாக அழுகிறானா, எடை ஏறுகிறதா? நான் முதலில் கேட்பது அதைத்தான்.

சம்பந்தியம்மா சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிரகணத்தன்று கலா கத்தரிக்காய் நறுக்கினாளாம், அதனால்தானாம். முப்பது வருடம் பிரசவ வார்டில் இருந்தவள் நான். கத்தரிக்காய் போய்ப் பாக்கு வரும், பாக்கு போய்ப் பூ கட்டிய நார் வரும். பழி மட்டும் பெற்றவள் தலையில்தான் விழும்.

நாள் கணக்கைப் பாரேன். கிரகணத்தின்போது அவளுக்கு ஐந்தாம் மாதம் என்று நீயே எழுதியிருக்கிறாய். கருவில் முகம் ஒரே துண்டாக வருவதில்லை. நடுவிலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. உன் மூக்குக்குக் கீழே தடவிப் பார். நடுவே பள்ளமும் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி மேடும் இருக்கிறதல்லவா, அது ஒட்டிய அடையாளம். மேலுதடு ஏழு வாரத்துக்குள் சேர்ந்துவிடும். அன்னம் மூன்றாம் மாதத்துக்குள் மூடிவிடும். அதற்கப்புறம் அவள் கத்தி எடுத்தால் என்ன, அரிவாள் எடுத்தால் என்ன?

நிஜமாகவே கெடுதல் செய்தவைகூட நாள் பார்த்துத்தான் செய்தன. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையை, கரு உண்டாகி 20 முதல் 36 நாளுக்குள் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தான் கை கால் குறைந்துபோனது. 1961இல் அதை நிறுத்துவதற்குள் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். கருவின் முதுகுத்தண்டு நாலு வாரத்துக்குள் மூட வேண்டும்; அப்போது பாதிப் பேருக்குத் தான் உண்டாகியிருப்பதே தெரியாது. டவுன் குறைபாடோ கரு உண்டாகும்போதே குரோமோசோமோடு வந்துவிடுகிறது.

அப்படியானால் இவனுக்கு ஏன் என்று கேட்பாய். சிலருக்குக் குடும்பத்திலேயே இருக்கும். வலிப்பு மாத்திரை, கட்டுக்குள் வராத சர்க்கரை, புகை என்றும் சொல்வார்கள். கலாவுக்கு இதில் எதுவுமில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் காரணம் என்று டாக்டராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

இப்போது முக்கியம் பால். அன்னம் பிளந்திருந்தால் உறிஞ்சும் பிடிப்பு இருக்காது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, கலாவுக்கு நீ புகட்டிய அதே சங்கால் கொடுங்கள். சங்கைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். படுக்கப் போட்டுக் கொடுக்காதே, நிமிர்த்திப் பிடி, அடிக்கடி தோளில் போட்டுத் தட்டு. உதட்டு ஆபரேஷனுக்கு எங்கள் வார்டில் ‘மூன்று பத்து’ என்போம்: பத்து வாரம், பத்து பவுண்டு (நாலரைக் கிலோ), ஹீமோகுளோபின் பத்து. அன்னத்துக்கு ஒரு வயதை ஒட்டிச் செய்வார்கள், பேச்சு வருவதற்குள். காதையும் பார்க்கச் சொல். 2013இல் வந்த மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதுவும் சேர்த்திதான், காசு கேட்க மாட்டார்கள். நகையில் கை வைத்துவிடாதே.

அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கலா அழுகிறாள் என்கிறாய். நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு வரலாம், அவ்வளவுதான். உண்டாவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்கட்டும். முதுகுத்தண்டுக்கு அது கைகண்ட மருந்து. உதட்டுக்கு அத்தனை உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனாலும் போடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கலாவிடம் பேசுகிறேன். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தால் போனை ஸ்பீக்கரில் போடு.

உன்,
சரோஜா