விடுதலைத் தீர்ப்புக்கு எதிராக அரச மேன்முறையீடு செய்யப்பட்டதா என எழுத்தில் அறியத் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்: கொலையுண்டவரின் மூத்த சகோதரன், ஜிந்துப்பிட்டி, கொழும்பு 13.

பெறுநர்: குற்றவியல் மேன்முறையீட்டு அலுவல்களுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள், சட்டமா அதிபர் திணைக்களம், கொழும்பு 12.

விடயம்: நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் நிகழ்ந்த கொலை தொடர்பாக மேல் நீதிமன்றம் வழங்கிய விடுதலைத் தீர்ப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயம் குறித்து நான் முன்னர் அனுப்பிய மனுக்கள் எதற்கும் இன்றுவரை பதில் கிடைக்காத நிலையில், தங்களது பெறுமதியான நேரத்தை மீண்டும் எடுத்துக்கொள்வதற்கு முதற்கண் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றேன். பதிவுத் தபாலின் அறிவித்தல் அட்டைகள் மட்டும் அலுவலக முத்திரையுடனும் யாரோ ஒருவரின் சுருக்கொப்பத்துடனும் ஒழுங்காகத் திரும்பி வந்துள்ளன. ஆகவே கடிதங்கள் வழியில் தொலையவில்லை என்பதை நான் அறிவேன். பின்வரும் விடயங்களைத் தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றேன்.

1. என் இளைய சகோதரன், லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம் இருந்த மரக்கறிப் பாத்தியின் எல்லை பற்றிய சச்சரவில் வெட்டிக் கொல்லப்பட்டான். அதே லயத்தைச் சேர்ந்த ஒருவர் மீது தண்டனைச் சட்டக்கோவையின் 296 ஆம் பிரிவின் கீழ்க் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டு, யூரர் சபையின்றி நடந்த வழக்கு விளக்கத்தின் முடிவில், கடந்த சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் அவர் விடுதலை செய்யப்பட்டார். வழக்கு இலக்கம் முன்னைய மனுக்கள் அனைத்திலும் குறிப்பிடப்பட்டுள்ளது.

2. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின்படி மேன்முறையீட்டுக்கு உள்ள காலம் 14 நாட்கள். புத்தாண்டு விடுமுறை முழுவதும் அந்தக் காலத்தினுள் வந்தது. அந்நாட்களில் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைப் பகுதி எப்படி வெறிச்சோடிக் கிடக்கும் என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கிடையில் மேன்முறையீடு கையளிக்கப்பட்டதா, இல்லையா என்பதே எமது கேள்வி.

3. இம்மேன்முறையீட்டுக்குப் போதிய காரணங்கள் உண்டு என நாம் நம்புவதற்கான அடிப்படையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். சாட்சிகளை நேரில் கண்ட நீதிபதியின் முடிவில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இலகுவில் தலையிடாது என்பது நியாயமான விதியே. ஆனால் இவ்வழக்கில் என் தாயார் சாட்சிக்கூண்டில் நின்றபோது இருந்த நீதிபதி இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். தீர்ப்பை எழுதியவர் என் தாயாரைக் கண்டதே இல்லை. தட்டச்சுப் பிரதியையே வாசித்தார். ஒரு நீதிபதி பதிந்த சாட்சியத்தின் மீது அடுத்தவர் செயற்படுவதை நீதித்துறைச் சட்டம் அனுமதிக்கிறது. அதில் எமக்கு ஆட்சேபனை இல்லை. கண்ணால் காணாத ஒருவரின் முடிவுக்கு, கண்டவரின் முடிவுக்குரிய மதிப்பைக் கொடுத்து மேன்முறையீட்டைக் கைவிடக் கூடாது என்பதே எமது வேண்டுதல். மேலும், தாயார் தமிழில் சொன்னதைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுக்க, பொலிஸ் உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் அவருக்கு வாசித்துக் காட்டப்படவே இல்லை. அதில் கத்தி பற்றி ஒரு வரி இல்லை என்பது, சாட்சியத்தில் சொன்னது வாக்குமூலத்தில் இல்லாத விடுபாடாகக் குறியிடப்பட்டு, கடைசியில் அந்த ஒரு வரியே வழக்கை வீழ்த்தியது. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் தம்பி தன்னை வெட்டியவரின் பெயரைச் சொன்னதை லொறிச் சாரதி சாட்சியமாக அளித்தார். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, இறந்தவர் தன் மரணத்தின் காரணம் பற்றிச் சொன்ன அத்தகைய கூற்றை ஏற்கிறது. குறுக்கு விசாரணைக்கு உட்படாத கூற்று என்பதால் அதை எச்சரிக்கையுடன் எடைபோட வேண்டும் என்பதும் எமக்குத் தெரியும். ஆனால் அந்தக் காயத்துடன் தம்பி சில நிமிடங்கள் பேசியிருக்க முடியும் எனச் சட்ட வைத்திய அதிகாரி கூறிய பின்னரும், அது எடைபோடப்படாமலே ஒதுக்கப்பட்டது.

4. ஐயா, எங்களை எல்லாவற்றிலும் மேலாக வதைப்பது என் தாயாரின் நிலை. அவருக்கு வயது 68. கொழுந்து பறித்தே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். விடுதலையான அன்றே அந்நபர் லயத்துக்குத் திரும்பினார், பட்டாசு கொளுத்தப்பட்டது. அந்நபருடைய தொங்கல் காம்பிராவுக்கு (கடைசி அறைக்கு) பக்கத்தில்தான் லயத்துக்கான தண்ணீர்ப் பீலி இருக்கிறது. குடிக்கவும் குளிக்கவும் அங்கேதான் போக வேண்டும். அந்நபர் இஸ்தோப்பில் (திண்ணையில்) அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு சொல்லும் சொல்லமாட்டார், ஆகவே பொலிசில் முறையிடவும் எதுவும் இல்லை. தாயார் இருட்டிய பின்னர் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார். பின்னர் பக்கத்துக் காம்பிராப் பிள்ளையிடம் குடத்தைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பிள்ளையை அதன் வீட்டார் தடுத்தனர். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் அங்கேதான் வாழ வேண்டும். கடைசியில் தாயாரைக் கொழும்புக்கு அழைத்து வந்தேன். ஜிந்துப்பிட்டிப் பக்கத்து மாடி அறைகளைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து வரும் தூரம்தான். கடைக்கு மேலே ஓர் அறை, செங்குத்தான மரப்படி, என் மனைவி பிள்ளைகளுடன் அவரும். முழங்கால் வலியால் அவரால் அந்தப் படியில் இறங்க முடிவதில்லை, கோயிலுக்குக்கூடப் போவதில்லை. தோட்டத்துக் காம்பிராவின் சாவியைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். பூட்டிக் கிடக்கும் காம்பிராவை வேறு குடும்பத்துக்கு வழங்கப் போவதாகத் தோட்டத்தில் இருந்து சொல்லியனுப்பியுள்ளனர். காணி உறுதியற்ற லயத்தில் அதை எதிர்த்துக் கேட்க எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மேன்முறையீடு இருக்கிறது என்றால், வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற தைரியத்தில் திரும்பிப் போவேன் என்கிறார். இல்லை என்றால் சாவியைக் கொடுத்துவிடச் சொல்கிறார். எதைச் செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பில் தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்டார், "நம்பத்தகுந்த சாட்சியல்ல" என்பதை எவ்வளவு மெதுவாகச் சொன்ன போதும், "ஏம்பா, நான் பொய் சொன்னேன்னா எழுதி வச்சிருக்காங்க?" என்று கேட்டார். பெற்ற பிள்ளை வெட்டுப்படுவதைக் கண்ட ஒருவருக்கு அதற்கு என்ன பதில் சொல்வது என்று தாங்களாவது சொல்லுங்கள், ஐயா.

5. விடுதலைத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் அதிகாரம் சட்டமா அதிபருக்கே உரியது. சட்டம் பற்றிய கேள்வி மட்டும் என்றால் நேரடியாகவும், நிகழ்வுகள் பற்றியது என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் பெற்றும் அவர் அதைச் செய்யலாம். அவர் செய்யவில்லை என்றால் எங்களுக்கு எஞ்சியிருப்பது மீளாய்வு மனு ஒன்றே. அதுவும் விசேட காரணங்கள் இருந்தால்தான் ஏற்கப்படும். தாமதித்தால் "ஏன் இவ்வளவு காலம் சும்மா இருந்தீர்கள்" என்று கேட்கப்படும். நாங்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் பதிலுக்காகக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பே இப்போது எங்களுக்கு எதிராகக் கணக்கிடப்படுகிறது. இது என்ன நியாயம்?

6. அலுவலக முகப்பில் மேன்முறையீட்டு இலக்கம் கேட்கிறார்கள். இலக்கம் இருக்கிறதா என்பதை அறியத்தானே வருகிறோம்! நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால் தங்கள் அலுவலகத்திடம் கேட்கச் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் வழக்கின் போக்கை அறியும் உரிமையை எங்களுக்குத் தந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த உரிமையை எந்த யன்னலில் கேட்க வேண்டும் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

7. பழிவாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. 296 ஆம் பிரிவுக்குரிய தண்டனை மரணமே ஆயினும் 1976 க்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. தூக்கை நாங்கள் கேட்கவும் இல்லை. விடுதலை சரியென்று மேல்மன்றம் ஆராய்ந்து சொன்னால் அதற்குக் கட்டுப்படுவோம். ஆராயப்படவே இல்லை என்றால் எதற்குக் கட்டுப்படுவது?

ஆகையால் ஐயா, மேன்முறையீடு செய்யப்பட்டிருப்பின் அதன் இலக்கத்தையும் திகதியையும், செய்யப்படாதிருப்பின் அந்த முடிவையும் அதற்கான காரணத்தையும், என் தாயார் பிறர் உதவியின்றி வாசிக்கக்கூடிய தமிழில், எழுத்து மூலம் அறியத் தருமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டுகின்றேன். நீண்ட கடிதம் வேண்டாம். "உண்டு" அல்லது "இல்லை" என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத் தயவுசெய்து இம்முறையாவது அனுப்பி வைக்குமாறு மீண்டும் வேண்டுகின்றேன். கடிதத்தைத் தபாலில் அனுப்பச் சிரமம் இருப்பின், எந்நாளில் வரவேண்டும் எனத் தெரிவித்தால் நானே நேரில் வந்து பெற்றுக்கொள்வேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
மனுதாரர்