விருந்தாளியாகப் போய் நிற்காதே

அன்புள்ள மகனுக்கு,

மருமகள் பிரசவத்துக்காகக் குடியாத்தத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள், எல்லாம் உன் அத்தை பார்த்துக்கொள்வார் என்று நீ பெங்களூரில் இருந்துவிடாதே. நம் தெருவில் புதிதாக அப்பாவான பையன்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது அவர்கள் வீட்டுக்குப் போய், கழுத்துக்கும் தலைக்கும் ஒரு கை கொடுத்துக் குழந்தையைத் தூக்கிப் பழகு. வெட்கப்படாமல் கேள், சொல்லித் தருவார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பார்கள். அது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவர்களுக்கு. காட்பாடி நெரிசலைத் தாண்டி வேலூர் வரவேண்டிய நீங்கள், வலி சீராக வரத் தொடங்கியதுமே டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. வண்டி கிடைக்காவிட்டால் 108. கர்ப்பத்தை அரசாங்கத்தில் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணைப் பையில் மேலேயே வை. பிறப்புச் சான்றிதழுக்கு வேண்டும்.

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சீம்பால் கொஞ்சம்தான் வரும், அது போதும். சர்க்கரைத் தண்ணி தொட்டு வை என்று யாராவது சொன்னால் மறுப்பது உன் வேலை. பச்சை உடம்புக்காரி பெரியவர்களோடு வாதாடும்படி விடாதே. கத்திரி வெயிலிலும் ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம், பாலிலேயே இருக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று பொருள். தொப்புளில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்கக் கூடாது. காய்ந்து தானே விழும். முதல் நாளே உடம்பு மஞ்சளாகத் தெரிந்தாலோ, பிறகு உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, காலை வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிப் போ. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அப்படியே.

ராத்திரியில் அவள் பால் மட்டும் கொடுக்கட்டும். துணி மாற்றுவது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, மல்லாக்கப் படுக்க வைப்பது மூன்றும் உன்னுடையது. ஆறாவது வாரம் வாக்கில் அழுகை உச்சத்துக்குப் போகும். பசி, ஈரம், புழுக்கம், வயிற்றில் காற்று என்று வரிசையாகப் பார். எதுவும் இல்லாமலும் அழும். உனக்குக் கோபம் ஏறினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில். ஒருபோதும் பிடித்து உலுக்காதே. மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இரண்டு வாரம் தாண்டியும் மருமகள் காரணமில்லாமல் அழுதாலோ, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடந்தாலோ, பேய் பிசாசு என்று பேச விடாமல் நீயே டாக்டரிடம் அழைத்துப் போ.

லீவை எல்லாம் பிரசவ வாரத்திலேயே தீர்த்துவிடாதே. அப்போது சுற்றிலும் ஆள் இருக்கும். மூன்றாம் மாதம் அவள் குழந்தையோடு பெங்களூர் வரும்போதுதான் உதவிக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். பாதியை அதற்கு வைத்துக்கொள், இப்போதே ஆபீசில் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா