வெற்றிலை போட்ட கெண்டை

கினிகத்தேனை

அன்புள்ள செல்லையா,

உன் கடிதம் போன புதன்கிழமை கிடைத்தது. கூடலூரில் மழை பிடித்துக்கொண்டது, முட்டி வலி கூடிவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். பக்கத்து வட்டவளை மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒரு துவாய் காய மூன்று நாளாகிறது. மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள். வீட்டில் மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கீழே ஓடையில் வெற்றிலை போட்ட மாதிரி ஒரு கெண்டைக் குஞ்சு பிடிப்போமே, இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆனால் மச்சான், நீ இங்கே இருந்த காலத்தில் அது இந்த ஓடையில் இல்லை.

கோபப்படாதே. நானும் முதலில் நம்பவில்லை. அக்காவின் பேரன் பேராதனையில் விலங்கியல் படிக்கிறான். லீவுக்கு வந்தவனை ஓடைக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவன் சிரித்தான். "தாத்தா, இது களனி ஆற்றுப் பக்கத்து மீன். இங்கே கொண்டுவந்து விட்டது" என்றான். களனியிலிருந்து தெற்கே நில்வளை ஆறு வரைக்கும் மழைக்காட்டு ஓடைகள்தான் அதற்குச் சொந்த ஊராம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. காடு அழிந்ததோடு கண்ணாடித் தொட்டி வியாபாரத்துக்கும் அள்ளிக்கொண்டு போனதால், எண்பதுகளின் தொடக்கத்தில் விக்ரமநாயக்க என்ற ஆய்வாளர் இதையும் இன்னும் சில சின்ன மீன்களையும் இந்தப் பக்கத்து மகாவலி ஆற்று ஓடைகளில் விட்டுப் பார்த்திருக்கிறார். பிழைத்துக்கொண்டன என்று 1990-இல் கட்டுரையும் எழுதினார். நம் ஊர் மேடுதான் எல்லை என்பது உனக்கு நினைவிருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் விழும் மழை களனியோடு கொழும்புக்குப் போகிறது, இந்தப் பக்கம் விழுவது மகாவலியோடு திருகோணமலைக்குப் போகிறது. மீன் தானாக மேடேறி வர முடியாதல்லவா? நீ இந்தியாவுக்குக் கப்பலேறிச் சில வருஷம் கழித்து அது வாளியில் வந்து இறங்கியிருக்கிறது.

பேரன் போன பிறகு நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். வேலை இல்லாத கிழவனுக்கு வேறென்ன? மூங்கில் சாய்ந்து நிழல் விழுகிற மடுவில்தான் கூட்டமாக நிற்கும். சுண்டுவிரல் நீளம். சாதாரண நாளில் பார்க்க ஒன்றுமில்லை, மங்கிய மஞ்சள் உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. கல்லில் படிந்த பாசியையும் மக்கிய இலைத் தூளையும் கொறித்துக்கொண்டே இருக்கும். ஆண் மீனுக்கு மோகம் வந்துவிட்டால்தான் வேடிக்கை. பின்பாதி பட்டையெல்லாம் மறைந்து கரியாகிவிடும். தலையும் முன்பாதியும் அப்படியே வெற்றிலைச் சாறு நிறம். சிங்களத்தில் புலத் ஹப்பயா என்கிறார்கள், வெற்றிலை மெல்லுகிறவன் என்று அர்த்தம். உன் அப்பாயி வாயை நினைத்துக்கொள். 1868-இல் குந்தர் என்ற விஞ்ஞானி வைத்த லத்தீன் பெயருக்குக் கறுப்புப் பட்டைக்காரன் என்று பொருளாம். அவர் வேலைநாள் உடுப்பைப் பார்த்துப் பெயர் வைத்தார், நம்மூர்க்காரன் கல்யாண உடுப்பைப் பார்த்து வைத்தான்!

நேற்றுக் காலை இரண்டு ஆண்கள் மோதின. மோதல் என்றாலும் கடி கிடையாது. ஒன்றின் தலை மற்றதன் வாலருகே, துடுப்பெல்லாம் விறைத்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருகின்றன, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போல. கடைசியில் ஒன்று விலகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கறுப்பு வெளுத்து, பழைய பட்டைகள் திரும்ப வந்துவிட்டன. தோற்றவன் முகம் என்பார்களே, அதை உடம்பிலேயே பார்த்தேன். ஜெயித்தவன் உடனே பெண்ணைச் செடிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். முட்டையைச் செடிகளுக்குள்ளே சிதறவிட்டு அப்படியே மறந்துவிடும். கண்ணில் பட்டால் தன் முட்டையையே தின்றும் விடும். தாய்ப்பாசம் எல்லாம் அங்கே இல்லை.

மேலே தேயிலை பிடுங்கி மறுநடவு போடுகிறார்கள். பெருமழை பெய்தால் ஓடை தேத்தண்ணி நிறத்தில் வருகிறது, இரண்டு நாள் மீன் கண்ணுக்குப் படாது. மூங்கிலையும் வெட்டப்போவதாகப் பேச்சு. கங்காணியிடம் சொல்லியிருக்கிறேன், கேட்பானா தெரியாது.

உன் மகன் சென்னையில் இருக்கிறானே, கொளத்தூர் மீன் கடைகளில் 'பிளாக் ரூபி பார்ப்' என்று கேட்டுப் பார்க்கச் சொல். தொட்டியில் வளர்த்த வம்சம் கிடைக்கலாம்.

சரி, அப்படியானால் நாம் பிடித்தது எங்கே? யோசித்துப் பார்த்தேன். எட்டியாந்தோட்டை மாமா வீட்டில், ரப்பர் தோட்டத்து ஓடையில். சாரத்தை விரித்து ஏழெட்டு பிடித்தோம், காலெல்லாம் அட்டை. பால்மா டின்னில் போட்டு இங்கே கொண்டுவந்து விடுவதாகத்தான் திட்டம். அது நடந்திருந்தால் அந்த ஆய்வாளருக்கு முன்னால் நாம்தான் இந்த மீனை மேடேற்றியவர்கள். கித்துல்கல தாண்டி ஏற்றத்தில் பஸ்ஸுக்குள் அந்த டின்னைக் கவிழ்த்தது யார் என்று மட்டும் அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுது. நான் இல்லை.

அன்புடன்,
ராமையா