பூங்கா நேரத்தைக் கூட்ட வேண்டும்

ஆசிரியருக்கு (ஜூன் 2021),

கொரோனா ஊரடங்கில், தமிழகத்தில் தொற்று குறைந்த 27 மாவட்டங்களில் காலை 6 முதல் 9 மணி வரை பூங்காக்களில் நடைப்பயிற்சி செய்ய 2021 ஜூன் 14 முதல் அரசு அனுமதித்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் மூன்றே மணி நேரம் என்றால் எல்லோரும் ஒன்றாகத்தான் வந்து குவிவார்கள். அதிலும் ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்தால், திறந்தவெளிக் காற்றோட்டத்தால் கிடைக்கும் பாதுகாப்பு அந்த வாசல் நெரிசலிலேயே வீணாகிவிடும். எல்லா வாசல்களையும் திறந்து, நடைபாதையை ஒருவழியாக்கி, மாலையிலும் இரண்டு மணி நேரம் அனுமதிக்க வேண்டும்.

அதுவரை மொட்டைமாடியில் நடப்பவர்களுக்கு: 40 அடி நீள மாடியில் 41 முறை போய்வந்தால் ஒரு கிலோமீட்டர். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் முழங்காலும் கணுக்காலும் வலிக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள், அல்லது எட்டு போட்டு நடங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் மாடியில் நடக்கவே கூடாது. சூடேறிய தளம் கொப்புளம் போட்டாலும் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குத் தெரியாது. புண்ணாகிய பிறகுதான் பார்ப்பார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்வது அவசியம்.

வாசகர், மதுரை