நம் வயலில் எந்த நெல்? ஞாயிறு இரவுக்குள் வாக்களியுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 2011-இல் இங்கிலாந்தின் விம்போல் பண்ணையில், 30 பவுண்டு கட்டிச் சேர்ந்த பொதுமக்களே எந்தப் பயிர் என்று இணையத்தில் வாக்களித்தார்கள். நம் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்துக்கும் அப்படித்தான், முடிவு உங்களுடையது.

1. மாப்பிள்ளைச் சம்பா: சுமார் 160 நாள். ஆள் உயரம் வளரும், மழைக்காற்றில் சாய்ந்துவிடும்.
2. தூயமல்லி: 135–140 நாள். சோறு வெள்ளையாக இருக்கும். என் விருப்பம் இதுதான்.
3. 1 அல்லது 2 என்று பதில் போடுங்கள். கடைசி நேரம்: ஆகஸ்ட் 17, ஞாயிறு இரவு 8 மணி. வீட்டுக்கு ஒரு வாக்கு.
4. வயல் பார்க்கும் அண்ணன் நேற்று அனுப்பிய படத்தில் மேல் வரப்பில் நான்கு நண்டு வளை. அடைக்காவிட்டால் தண்ணீர் நிற்காது. சனி காலை 6 மணிக்கு வர முடிந்தவர்கள் ‘வருகிறேன்’ என்று சொல்லுங்கள். மண்வெட்டி அங்கேயே இருக்கிறது.

திங்கள் காலை விதை வாங்கியாக வேண்டும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.