ஸ்ட்ரெச்சர் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சுனிதா வில்லியம்ஸ் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 286 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு இறங்கியவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதற்கு எலும்பும் தசையும் தேய்ந்ததே காரணம் என்று எழுதி, படத்துக்குக் கீழே 'பரிதாப நிலை' என்றும் போட்டுவிட்டீர்கள். முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாரக்கணக்கில் படுத்தே கிடந்த நோயாளியை நாங்கள் சட்டென்று நிற்கவைக்க மாட்டோம். முதலில் கட்டிலோரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, பி.பி. பார்த்து, அப்புறம்தான் எழுப்புவோம். அவசரப்பட்டால் ரத்தம் காலுக்கு இறங்கி, கண் இருட்டி, ஆள் நம் கையிலேயே சரிந்துவிடுவார்.

விண்வெளியில் உடம்புக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். எடை இல்லாததால் காலில் தங்கவேண்டிய நீர் மார்புக்கும் தலைக்கும் ஏறுகிறது. முகம் உப்பி, மூக்கு அடைத்து, கால் குச்சியாகிவிடும். ரத்தம் மிஞ்சிவிட்டதென்று உடம்பு தப்புக்கணக்குப் போட்டு, சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்துக்கொள்கிறது. இதயத்துக்கும் வேலை குறைவு. அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் மேலே இருந்தபோது, வாரத்தில் ஆறு நாள் உடற்பயிற்சி செய்தும், இதயத்தின் இடது கீழறை கால் பங்குக்கு மேல் எடை இழந்தது. ஆனாலும் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அந்த இடத்துக்கு அவ்வளவு இதயம் போதும், அவ்வளவுதான்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. கழுத்து ரத்தக்குழாயில் ஓட்டம் மந்தமாகி ஒரு வீரருக்கு ரத்தக்கட்டி உண்டானது 2019-இல் வெளியே தெரிந்தது. பூமியிலிருந்த டாக்டர்கள் சொல்லச் சொல்ல, இருந்த கொஞ்சம் மருந்தை அடுத்த சரக்குக் கலம் வரும்வரை அளந்து அளந்து போட்டார்கள். எடையில்லாத இடத்தில் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் இழுப்பதே பெரும்பாடாம். படித்தபோது என் கை பரபரத்தது.

தரை தட்டிய பிறகுதான் குறைந்த ரத்தமும் இளைத்த இதயமும் தொல்லை கொடுக்கும். அதனால்தான் இறங்குமுன் உப்பும் தண்ணீரும் குடிக்கச் சொல்கிறார்கள், காலை இறுக்கும் உடுப்பைப் போடுகிறார்கள். 2006-இல் அமெரிக்க விண்வெளி வீராங்கனை ஹைடமேரி பைப்பர் பன்னிரண்டே நாள் பயணம் முடித்து, மறுநாள் வரவேற்பு மேடையில் பேசும்போது கால் மடங்கிச் சாய்ந்தார்.

சுனிதா நடந்தே வருகிறேன் என்று சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை