வன்னி நடுங்கள், வேம்பை வெட்டாதீர்கள்

மாரியம்மன் ஆலயத் தலைவர், செயலாளர், திருப்பணிக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விஜயதசமி வன்னி வாழை வெட்டுச் சடங்குக்கு ஆண்டுதோறும் கிளை தேடி அலையாமல், வளாகத்திலேயே ஒரு வன்னி வைக்க நீங்கள் எடுத்த முடிவு நல்ல முடிவு. அதற்காக வாசலோர வேம்பை எடுப்பதுதான் வேண்டாத வேலை. அதுவும் அம்மன் கோயிலில்!

வன்னி, தார் பாலைவனத்தின் நிழல் மரம். ஆணிவேர் வெகு ஆழம் இறங்கி நீரெடுப்பதால் அதன் அடியிலேயே கம்பு விளைகிறது. கோடையில் மற்றவை மொட்டையாய் நிற்க, இது துளிர்க்கும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், பூ தேனீக்களுக்கு, பிஞ்சுக்காய் மனிதர் சமையலுக்கு. மான்கள் ஒதுங்குவதும் பறவைகள் கூடு கட்டுவதும் இதில்தான். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் இம்மரங்களை வெட்டவிடாமல் தடுத்து 363 பிஷ்னோய் சமூக மக்கள் உயிர்விட்டார்கள். அப்பேர்ப்பட்ட மரத்தை வைக்க இன்னொரு மரத்தை வெட்டலாமா?

ஆண்டுக்கு 100 முதல் 600 மி.மீ. மழையில் வாழ்ந்து பழகிய மரம் அது. நம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மழை 2000 மி.மீ.யைத் தாண்டும். நம் களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகி, இலை மஞ்சளாகி உதிரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு வாளி ஊற்றுவார்கள். அதோடு கதை முடியும். ஆகவே பள்ளம் தோண்டாதீர்கள். பாதி மண், பாதி ஆற்று மணல் கலந்து 2 அடி உயரம், 6 அடி அகலத்தில் மேடு கட்டி, நாள் முழுக்க வெயில்படும் பின்மதில் ஓரம் நடுங்கள். சிமெண்ட் தரை அடிமரத்திலிருந்து 5 அடி தள்ளியே நிற்கட்டும். வேர் பிடித்தபின் தண்ணீரே வேண்டாம்.

நாற்று வாங்கும்போது முள்ளைப் பாருங்கள். கணுவில் இரண்டிரண்டாக நீண்ட முள் இருந்தால் அது சீமைக்கருவேலம். வன்னியின் முள் சிறியது, கூம்பு வடிவம், கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும். பையின் அடியில் ஆணிவேர் சுருண்டிருந்தால் எவ்வளவு செழிப்பானாலும் திருப்பிக் கொடுங்கள். இந்தியாவுக்குப் போய் வருபவர்களிடம் நாற்றைப் பெட்டியில் வைத்து வரச் சொல்லாதீர்கள். இறக்குமதி பெர்மிட்டும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வந்தால் பறிமுதல்தான்.

இரண்டு நாற்றாக வையுங்கள். நம் மழையில் ஒன்றாவது தேறும். தேறினாலும் பந்தலுக்கு வெளியே நிற்கும் பக்தர்களுக்கு நிழல் அந்த வேம்புதான். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊர் மரம் வளர்ப்போர்